வால்ட்ஸுக்கு ஒரு குதிகால்

நிக்கானோரின் மகள் யாதிராவுக்குப் பதினைந்து வயது நிறைகிற விழாவும், கப்பல் கட்டும் யார்டுக்காரர்களின் மீன்பிடிப் போட்டியும் ஒரே சனிக்கிழமையில் வந்து தொலைத்தன. காலையில் இடுப்பளவு காயல் தண்ணீரில் மைல் கணக்கில் நடந்து தூண்டில் வீச வேண்டும். சாயங்காலம் ஊரே கூடிய மண்டபத்தில் மகளின் கையைப் பிடித்து முதல் வால்ட்ஸ் ஆட வேண்டும். இரண்டுக்கும் இருந்தது ஒரே ஜோடிக் கால்.

போன வருடப் போட்டியில் இரண்டு குதிகாலிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம் கிளம்பி, வேலைக்கு ரப்பர் செருப்பில் போய், வெல்டருக்குச் செருப்பா என்று யார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவன் அவன். பத்து நாள் வீட்டுக் கிடை. அதனால் இந்த முறை மனைவி எர்லிந்தா முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"போங்க, வேண்டாங்கல. வந்ததும் காலக் காட்டணும். ஒரு கொப்புளம் இருந்தாலும் முதல் ஆட்டம் எங்கண்ணனுக்கு."

அண்ணன் சானோ அதே யார்டில் பெயிண்டர். போட்டியில் நிக்கானோருக்குக் கூட்டாளியும் அவன்தான். சுற்று வட்டாரத்தில் அவனைப்போல் ஆடுகிறவன் கிடையாது. ஆனால் பிறந்தது மூன்றும் பையன்கள். ஒரு பெண் பிள்ளையின் பதினைந்தாம் வயதில் அவளைச் சுற்றிச் சுழன்று ஆடுகிற கொடுப்பினை அவனுக்கு இல்லை. தங்கையின் தீர்ப்பைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டான். அந்தத் தடவலை நிக்கானோர் குறித்து வைத்துக்கொண்டான்.

பூட்ஸ் வாங்கப் போன கடையிலேயே தகராறு ஆரம்பமானது. வெல்டருக்குப் பூட்ஸ் என்றால் கணுக்காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். இடைவெளி இருந்தால் நெருப்புப் பொறி உள்ளே விழும். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் நிக்கானோர் தேர்ந்தெடுத்தது கால் விரல் அசையாத ஜோடி. சானோ தலையில் அடித்துக்கொண்டான்.

"தண்ணிக்குள்ள என்னடா பொறி பறக்கப் போவுது? ஒரு சைஸ் பெரிசா எடு மாப்பிள. உள்ள ரெண்டு சாக்ஸ் போவணும். பொம்பளைங்க போடுற மெல்லிசு நைலான் முதல்ல, அதுக்கு மேல கம்பளி. சாக்ஸும் சாக்ஸும் உரசிக்கும், தோலுக்கு ஒண்ணும் தெரியாது."

வால்ட்ஸுக்குக் காத்திருக்கிறவன் சொல்கிற யோசனையை எவன் கேட்பான்? தன்னைப் பெண்கள் காலுறையோடு யார்டுக்காரர்கள் முன்னால் நிற்க வைத்து மானத்தை வாங்கும் சதி என்று நிக்கானோர் முடிவு கட்டினான். இறுக்கமான ஜோடியையே வாங்கினான். உள்ளே போட, தினமும் வேலைக்குப் போடுகிற பருத்திச் சாக்ஸ் போதும் என்றான். பூட்ஸைப் பழக்குவதற்காக ஒரு வாரம் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி உள்ளேயே நடை பழகினான். உள்ளே குதிரையா கட்டியிருக்கீங்க என்று யாதிரா கதவைத் தட்டிக் கேட்டாள்.

சனிக்கிழமை விடியும்போது படகை நங்கூரமிட்டுவிட்டு இருவரும் காயலில் இறங்கினார்கள். அடி மணலில் திருக்கை படுத்துக் கிடக்கும். காலைத் தூக்கி வைத்து அதை மிதித்தால் வால் முள் கெண்டைக்காலில் ஏறிவிடும். அதனால் அங்கே எவனும் கால் தூக்க மாட்டான். தரையோடு தேய்த்து இழுத்துக்கொண்டுதான் போவான். திருக்கைக்கு நல்லது, குதிகாலுக்குச் சனியன். ஒவ்வொரு இழுவைக்கும் ஊறிப்போன பருத்தி சுருண்டு குதிகாலுக்கடியில் கயிறாக முறுக்கிக்கொண்டது. மணல் வேறு உள்ளே புகுந்து உப்புத்தாள் வேலை பார்த்தது.

ஒன்பது மணிக்குள் மூன்று மீன் கோத்தாயிற்று. படகு முக்கால் மைல் பின்னால், நடுவிலிருக்கும் ஆழமில்லாத மணல் திட்டில் ஏறி வராது. நிக்கானோரின் வலது குதிகால் வெல்டிங் முனை வைத்ததுபோல் எரிந்தது.

"நொண்டுறியா மாப்பிள?"

"இல்ல. பாட்டுக்குத் தாளம் போடுறேன்."

"பாட்டு எங்க?"

நிக்கானோர் தூண்டில் நரம்பைச் சிக்கெடுப்பதுபோல் குனிந்துகொண்டான். முகம் தொங்கிவிட்டது. இப்போது சானோ சிரிப்பான், மீசையைத் தடவுவான் என்று காத்திருந்தான். சானோ தூரத்தில் தெரிந்த படகைப் பார்த்தான், இவன் முகத்தைப் பார்த்தான்.

"வலது பூட்ஸக் கழட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுக் கால்தான். என்னுதப் போட்டுக்க."

இடுப்பளவு தண்ணீரில் பூட்ஸ் மாற்றுவது படகில் உட்கார்ந்து மாற்றுவதுபோல் அல்ல. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டு கிழட்டுக் கொக்குகளாக நின்றார்கள். சானோ தன் காலிலிருந்து பழுப்பு நிற நைலானை உரித்து, இவன் காலைத் தூக்கிப் பிடித்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல் மாட்டினான். அதற்குள் கம்பளிச் சாக்ஸ் நீரோட்டத்தில் மிதந்து கிளம்பியது. ஒரு கால் வெறுங்காலாகச் சானோ அதை நீந்தித் துரத்தினான். மறுபக்கத்து ஆழமான ஓடை வழியாக வந்த யார்டு மேஸ்திரியின் படகு வேகம் குறைத்தது. என்னப்பா, கல்யாணம் எப்போ என்று கேட்டுவிட்டு மேஸ்திரி தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தான்.

நிக்கானோர் பதில் யோசிக்கும்போதே அவன் அக்குளில் இடுக்கியிருந்த சானோவின் தூண்டில் வளைந்தது. கை நீளத்துக்கு ஒரு சிவப்புக் கத்தாளை. நைலான் மாட்டிய காலை மடக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் தள்ளாடியபடி அவன் உருளையைச் சுழற்ற, திரும்பி வந்த சானோ பின்னாலிருந்து அவன் இடுப்பு வாரைப் பிடிக்க, மீன் இருவரையும் சேர்த்து இழுத்துக் கவிழ்த்தது. எழுந்தபோது தூண்டில் நரம்பு அறுந்திருந்தது. இரண்டு தொப்பிகளும் தனியாகப் பயணம் போய்க்கொண்டிருந்தன. இருவரும் உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிரித்தார்கள். பரிசு எவனுக்கோ போகட்டும்.

படகு வரை முக்கால் மைலும் சானோ நிக்கானோரின் அந்த இறுக்கிப் பிடித்த வலது பூட்ஸில் காலை இழுத்துக்கொண்டு வந்தான். படகில் ஏறிப் பூட்ஸைக் கழற்றியபோது அவன் குதிகால் வீங்கிப் பளபளத்தது.

"ஏன் மச்சான்?" என்றான் நிக்கானோர்.

"அவ மூணு மாசமா உன்னோட ஆடிப் பழகியிருக்கா. என் அடி அவளுக்குத் தெரியாது." அதோடு பேச்சை முடித்துக்கொண்டு சானோ எஞ்சினை முடுக்கினான்.

வீட்டில் எர்லிந்தா கண்ணாடியை மாட்டி, டார்ச் அடித்து, வெல்டிங் சோதிக்கும் இன்ஸ்பெக்டரைப்போல் இரண்டு குதிகாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலதில் சிவப்பு மட்டும், இடதில் அதுவும் இல்லை. தேறிவிட்டான். காலில் இருக்கிற நைலான் யாருடையது என்று அடுத்துக் கேட்டாள். அதற்கு அவன் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

மண்டபத்தில் ஆட்டத்துக்கு முன், வழக்கப்படி அப்பன் மண்டியிட்டு, மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி முதல் உயரக் குதிகால் ஷூவை மாட்டிவிட வேண்டும். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நிக்கானோர் மண்டியிட்டான், செருப்பைக் கழற்றினான். மகளின் இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"ஒரு வாரமா அந்த ஷூவப் போட்டு ரூமுக்குள்ள பழகினேன்ப்பா," என்று குனிந்து முணுமுணுத்தாள் யாதிரா. "அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அவனுக்குள் சிரிப்பு பொங்கியது. வெள்ளை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறான் என்று நினைத்து மண்டபமே கைதட்டியது. பிறகு ஷூவைப் பக்கத்தில் வைத்தான். தன் வாடகை ஷூவையும் கழற்றி அதனருகே வைத்தான்.

"வா. மிதிச்சா வலிக்காது."

இருவரும் வெறுங்காலோடு சுழன்றார்கள். கொப்புளத்தோடும் அவள் ஒரு அடி தவறவில்லை. வீங்கிய வலது காலை மேசைக்கடியில் மறைத்து, ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்த சானோ இதைப் பார்த்தான். இடது ஷூவையும் உதறிவிட்டு, ஒரு குதிகால் தரையில் படாமலே துள்ளித் துள்ளி வந்து மருமகளின் இன்னொரு கையைப் பிடித்தான். இந்த ஆட்டத்துக்கு எந்த மண்டபத்திலும் பெயர் கிடையாது.

எர்லிந்தா படமெடுப்பவனின் காதருகே போய், இடுப்புக்கு மேலே மட்டும் எடு என்றாள்.