உப்பு தின்ற அன்னாசி

உலக வேளாண்மையின் சரித்திரம் என்றேனும் முறையாக எழுதப்பட்டால், 1969ஆம் ஆண்டு ஆனி மாதம் கவரைப்பேட்டைக்குக் கிழக்கே அன்னாசிப் பழங்கள் கண் திறந்த நாள் அதில் பொன்னெழுத்தில் பொறிக்கப்படும். திறந்த கண்ணால் அவை முதலில் பார்த்தது தணிகாசலத்தின் தொப்பையை.

அந்தப் பக்கத்தில் ரசாயன உரத்துக்கு உப்பு என்றுதான் பெயர். யூரியாவும் உப்பு, சல்பேட்டும் உப்பு. தணிகாசலம் தன் மேட்டுநிலத்து அன்னாசிக்கு மூட்டை மூட்டையாக உப்பு போட்டான். பழங்களும் உப்பைத் தின்ற விசுவாசத்தில், உரித்தபின் நாம் தோண்டி எறிகிறோமே, அந்தக் கண்களையெல்லாம் திறந்து, அவன் போன பக்கமெல்லாம் திரும்பின. உரம் விற்றவர்கள் வந்து பார்த்து, பழத்தின் எடையை மட்டும் குறித்துக்கொண்டு போனார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம், அவன் தங்கை சின்னப்பொண்ணின் புருஷன் சடையப்பன், சாணி எருவும் தழையும் தவிர எதையும் தொடாதவன். அவன் பழங்கள் சிறியவை, மணமானவை, கண் மூடியவை.

"இன்னா மச்சான், உன் சரக்கு உன்னியே மொறச்சிக்கினு கீது?" என்பான் சடையப்பன்.

"மொறைக்கல மாப்ள, மரியாத. உன்னுது இன்னும் தூங்கிக்கினு கீது, பாய் போட்டு உடு."

திருவள்ளூரில் ஒரு பெருமாள் கோயிலில், அன்னாசியைப் படைக்கலாமா என்று பெரியவர்கள் ஆறு மாதம் விவாதித்து, எருவில் விளைந்தால் அது பழம், உப்பில் விளைந்தால் பழமே அல்ல என்று தீர்ப்பளித்தார்கள். முதல் கூடை கொடுப்பவன் தலையில் பரிவட்டம் கட்டுவதாகவும் ஏற்பாடு. சடையப்பன் வம்சத்தில் மூன்று தலைமுறையாக யார் தலையிலும் துண்டைத் தவிர எதுவும் ஏறியதில்லை. ஆகவே மறுவருஷம் பிஞ்சு விட்டதும் அவன் எல்லோரையும் சந்தேகிக்க ஆரம்பித்தான். மச்சான் காற்றுவாக்கில் உப்பைத் தூவுகிறானோ, பெண்டாட்டி அண்ணன் பாசத்தில் முந்தானையில் முடிந்து வருகிறாளோ என்று அவள் கையை மோந்து பார்த்தான்.

"யோவ், பேஜாரு புடிச்சவனே, நாஷ்டா துன்ன கையி அது!" என்றாள் சின்னப்பொண்ணு.

இரண்டு மாதம் வேலியோரமே கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தான். எதற்காகவும் நிலத்தைவிட்டு நகரவில்லை.

கூடையை எடுக்க வந்த மடப்பள்ளி மேற்பார்வைக்காரர் சடகோபன், ஒரு பழத்தை அறுக்கச் சொல்லி நாலு துண்டு தின்று, "பேஷ், எரு எருதான்!" என்று கண்ணை மூடினார். அவர் மூடிய நேரத்தில் கூடையில் பதினேழு பழங்கள் திறந்தன.

"மச்சான், கெடுத்திட்டியேடா!" என்று சடையப்பன் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த தணிகாசலத்தை நோக்கி அலறினான்.

ஆனால் அவை தணிகாசலத்தைப் பார்க்கவில்லை. சின்னப்பொண்ணையும் பார்க்கவில்லை. சடையப்பனைப் பார்த்தன. அவன் இடப்பக்கம் நகர்ந்தான், கூடையே இடப்பக்கம் திரும்பியது.

"உப்பு போட்டியாப்பா?"

"கொயந்த மேல சத்தியமா இல்ல சாமி!"

வீடு, வைக்கோல்போர் எல்லாம் சோதித்தார்கள். அடுப்படிப் பானையில் இருந்ததைத் தவிர ஒரு கல் உப்பு இல்லை. இருந்தும் பரிவட்டம் மடித்தது மடித்தபடி திருவள்ளூருக்குத் திரும்பியது. பின்னாளில் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வந்தபோது அவற்றின் கேண்டீன்களில் கண் திறந்த பழங்களும் நறுக்கப்பட்டன. யாரும் வியக்கவில்லை, நறுக்குமுன் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள், அவ்வளவே.

அந்தப் பதினேழும் வேலியோர வரிசையில் விளைந்தவை. காவல் இருந்த இரண்டு மாதமும் சடையப்பன் ஒன்றுக்குப் போனது அந்த வரிசையில்தான்.