பெல்ட்டுக்கு மூடி போட்டாச்சா?

ஆயுள் முழுக்க விசைத்தறிக் கொட்டகைகளில் தறி ரிப்பேர் பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, மெதுவாகப் பேச வராது. நான் காதோடு காதாக ஒன்று சொன்னால் எங்கள் ஊர்க் கோமதியம்மன் கோபுரத்துப் புறாக்கள் தென்காசி வரை பறந்துபோய்த்தான் உட்காரும். நம்பாதவர்கள் புறாக்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

இது தெரிந்தும் சாஜிதா பானு என்னைத் தேடி வந்தாள் என்றால், அவளுக்கு வேறு போக்கில்லை. மகாராஜா முதலாளியின் கொட்டகையில் இரண்டு தறி ஓட்டுகிறாள். அதில் ஒன்றின் மோட்டார் பெல்ட்டுக்கு மூடி இல்லை. ரிப்பேருக்குக் கழற்றிய மூடி, முதலாளி அறை வாசலில் செருப்புத் தட்டாகிவிட்டது. போன வாரம் அந்த பெல்ட் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறது. கிழிந்த முனையை விரித்துக் காட்டினாள். எதையும் ஊதிப் பெருக்கிச் சொல்கிற எனக்கு, அந்தத் துணியைப் பார்த்து ஒன்றும் சேர்க்கத் தோன்றவில்லை.

“திருநெல்வேலி தொழிலாளர் பாதுகாப்பு ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லணும் அண்ணாச்சி. நான்னு தெரிஞ்சா தறிய வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. ரிட்டயர் ஆன ஒங்கள அவரு என்ன செய்ய முடியும்?”

“பேருதானம்மா மகாராஜா. யானைப் படையா வச்சிருக்கான்?”

“மெதுவாப் பேசுங்க!”

“மெதுவாத்தான பேசுதேன்!”

தெருவில் நின்றால் ஆள் கேட்கும் என்று பேருந்து நிலையத்துக்குப் போய், ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசினேன். பாதுகாப்பு அதிகாரி பொறுமைசாலி. “ஐயா, போனைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பேசுங்க” என்றார். விவரமெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பரம ரகசியமாகச் சொன்னேன்: “சொன்னது சாஜிதா பானுன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது சார்!”

திரும்பிப் பார்த்தேன். கடையநல்லூர் பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். பூக்காரி கட்டிய பூவை நழுவவிட்டாள். ஆயிரம் பேராவது என்னையே பார்த்தார்கள். சரி, நாற்பது பேர்.

மறுநாள் காலை சாஜிதா வாசலில் நின்றாள். “நல்லா மறைச்சிய அண்ணாச்சி! பால்காரரு எங்கிட்டயே வந்து துக்கம் விசாரிக்காரு. இன்னைக்கு என் தறி போச்சு.”

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளோடு கொட்டகைக்குப் போனேன்.

மகாராஜா வாசலிலேயே நின்றிருந்தார். “வாரும் வே மருதப்பன்! என் மானத்த பஸ்ஸ்டாண்டுல ஏலம் போட்டுட்டீரே!”

“திட்டுறத என்னையத் திட்டும். அந்தப் பிள்ளைய விட்டுரும்.”

சாஜிதா நேராகக் கேட்டாள்: “தறிய எடுத்துருவீங்களா மொதலாளி?”

“எப்படி எடுக்க? ஷேவிங்குக்குப் போனா, கத்தியக் கழுத்துல வச்சிக்கிட்டு ‘பெல்ட்டுக்கு மூடி போட்டாச்சா’ன்னு கேக்கான். பூக்காரி கேக்கா. என் வீட்டுக்காரி சோறு போடாமக் கேக்கா! இப்ப ஒன்னைய நிறுத்துனா ஏன்னு ஊருக்கே தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“எத்தன தடவ சொன்னேன்! தறிச் சத்தத்துல நீங்க பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டுப் போயிருவீங்க.”

அவர் நேரே உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். கொட்டகை முழுக்க அமைதி. அப்படி ஒரு அமைதியை நான் அங்கே கேட்டதே இல்லை.

“இப்பச் சொல்லு” என்றார்.

சாஜிதா சொன்னாள், சாதாரணக் குரலில். முதலாளி செருப்புகளை உதறிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மாட்டுகிற வேலை எனக்கு விழுந்தது.

நான் ஸ்குரு முடுக்கும்போது மூலைத் தறிக்காரி வேல்விழி கையைத் தூக்கினாள். “மொதலாளி, எந்தறி சுவிட்சுல கைய வச்சா கரண்டு சுருக்குங்கு.”

“எனக்கு மேல சீலிங் பேன் ஆடுது” என்றது இன்னொரு குரல்.

மகாராஜா தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு நூல் மூட்டைமேல் உட்கார்ந்தார். “ஒவ்வொருத்தராச் சொல்லுங்க தாயி. சுவிட்சப் போடல.”

சாஜிதா தன் இரண்டு தறிகளுக்கும் நடுவே நின்று, அறுந்திருந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தாள்.