இரண்டு பிளவுகளுக்கு நடுவே

ஜமுனாமரத்தூரில் அன்பரசன் ஸ்டூடியோ வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று பிழைப்பு ஓடியது. பெருமை மட்டும் வேறொன்றில் இருந்தது. லென்ஸே இல்லாத அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு, உள்ளே போட்டோ பேப்பரை வைத்து, வெயிலில் சற்று நேரம் திறந்துவைத்து மலையைப் படம் எடுப்பான்.

அவற்றை இருட்டறையில் கழுவித் தருபவள் அவன் மனைவி செந்தாமரை. ஒருநாள் அவளே ஒரு பெட்டி செய்தாள். அதில் துளை இல்லை. சவர பிளேடுகளை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டி இரண்டு பிளவுகள் வைத்திருந்தாள். முகப்பில் ஒன்று கிடையாக. அரைச் சாண் பின்னால், பேப்பர் பக்கமாக இன்னொன்று செங்குத்தாக.

“ஒரு ஓட்ட போதாதா? இன்னாத்துக்கு இது?” என்று சிரித்தான் அன்பரசன்.

“போன்ல பாத்தேங்க. ரெண்டுக்கும் நடுவுல எடம் உட்டா உருவம் மேல இழுத்துக்குமாம்.”

இழுத்துக்கொண்டது. தாழ்வான குன்றுகள் வானத்தை முட்டின. நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைக்கும் சம்பூர்ணம் அந்தப் படத்தில் பனைமரம்போல் நெடுநெடுவென்று நின்றாள்.

கடைக்கு வந்த சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். “யம்மாடி, இன்னா ஒசரம் நானு! எனக்கு ஒண்ணு குடு தாமர.”

அன்பரசன் எடுத்துக் கொடுத்த படத்தைப் போன மாதம் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனவள் அவள். அவன் கடை ஷட்டரில் தொங்கிய பூட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

வேலூர்க் கண்காட்சிக்கு இருவருமே படம் அனுப்பினார்கள். அவளுடையவை தேர்வாயின. அறுவடைக்கு முந்தைய சாமைக்காட்டுப் படம் ஒன்றும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவனுக்கு ‘நன்றி’ என்று ஒற்றை வரி வந்தது. ஊர்க்காரர்கள், “உன் சம்சாரம் பெரிய ஆளாயிட்டாங்களே” என்றபோதெல்லாம் சிரித்தான். வீட்டுக்கு வந்து தன் படங்களைக் கவிழ்த்து வைத்தான்.

“நாளைக்கு அறுக்கறாங்களாம், இன்னிக்கே எடுத்துட்டு வந்துடறேன்” என்று செந்தாமரை ஷேர் ஜீப்புக்குக் கிளம்பினாள். அவள் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில் அன்பரசன் பெட்டியைத் திறந்தான். உள்பிளவு இருந்த அட்டையை முன்பிளவோடு ஒட்டுமளவு தள்ளி, கறுப்பு டேப் போட்டான். இடைவெளி போய்விட்டால் இரண்டு பிளவும் சேர்ந்து வெறும் துளைதான் என்பது அவனுக்குத் தெரியும்.

மாலையில் இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் பேப்பரில் மெல்ல நிறம் கூடியது. காடு தெளிவாக விழுந்திருந்தது. கதிர்கள் இடுப்பளவு, மலை மலையளவு. அன்பரசன் எடுத்தது போலவே இருந்தது. செந்தாமரை வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் விரல் விட்டுத் தடவினாள்.

“ஜீப்பு குலுங்கி நவுந்திருக்கும்” என்றான்.

“குலுங்கினா டேப்பும் ஒட்டிக்குமாங்க?”

அவனால் நிமிர முடியவில்லை. “முடியல தாமர. எல்லாரும் உன் படத்தயே பாக்கறாங்க. எனக்குள்ள எரியுது.”

“எரிஞ்சா திட்டியிருக்கலாம். பெட்டிய ஒடச்சிருக்கலாம். என் படத்த உங்க படமா மாத்திட்டீங்களே!” அவள் ஈரப் பேப்பரை அவன் முன்னால் போட்டாள். “நாளைக்கு அந்தக் காடு இருக்காது.”

அதன்பின் அவள் தன் பேப்பரை மட்டும் கழுவினாள், அவனுடையதைத் தொடவில்லை. சாமைக்காடு இல்லாமலே மீதிப் படங்களோடு வேலூர் போனாள். அவனைக் கூப்பிடவில்லை.

கண்காட்சியன்று மதியம் யாரோ போனில் ஒரு படம் அனுப்பினார்கள். செந்தாமரையைச் சுற்றிக் கூட்டம். அன்பரசனுக்கு நெஞ்சு மறுபடி காந்தியது. கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறினான்.

கூடத்தின் கடைசியில் நின்றபடி அவள் பேசுவதைக் கேட்டான். வீட்டில் அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற பெண், “இவங்களுக்கு யாரு கத்துக்குடுத்தாங்களோ?” என்றாள்.

நான்தான் என்ற சொல் நாக்கு வரை வந்தது.

“அவங்களா கத்துக்கினாங்க” என்றான். சொன்ன பிறகும் பொறாமை போகவில்லை.

பேச்சை முடித்து வந்து உட்கார்ந்த செந்தாமரை அவனைக் கண்டாள். சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.