எச்சம் பச்சையாச்சா?

துடைக்கிற ஈரத்துணியோடு பால்கனிக்கு வந்தாள். விடிகாலையில் உயிர் போன புருஷனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஜனம் வரத் தொடங்கிவிட்டது. இந்த எலுமிச்சைத் தொட்டியில் பார்த்தால் இலைக்கு இலை குருவி எச்சம். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? புருஷன் செத்த அன்று இலை துடைப்பவளை என்ன நினைப்பார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

படுத்த படுக்கையானதிலிருந்து மனுஷனுக்கு ஒரே கேள்வி. "எச்சம் பச்சையாச்சா? பாத்துட்டு வா." முதலில் சிரித்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள். "கண்டதையும் பேசுவாரு, பெருசா எடுத்துக்காதீங்க" என்றுவிட்டார் அவர்.

நேற்று சாயங்காலம் அதே மூச்சில் இன்னொன்றும் வந்தது. "எச்சத்தைத் துடைச்சிடாதே. உன்கூட வாழ்ந்தது நல்லா இருந்துச்சுடி." ஒருநாள்கூடச் சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று சொல்லாத வாய். பினாத்தல்தான் என்று நினைத்து, "சரி சரி, தூங்குங்க" என்று போர்வையை இழுத்துவிட்டாள். அந்த 'நல்லா இருந்துச்சு'வைப் பினாத்தலில் சேர்ப்பதா, நிஜத்தில் சேர்ப்பதா என்று காலையிலிருந்து ஒரே குழப்பம்.

முதல் இலையில் இருந்தது சுலபமாக வந்துவிட்டது. அடுத்தது வரவில்லை. அழுத்தித் தேய்த்தாள். எச்சம் நெளிந்தது, தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பு நீட்டியது. "சீ!" என்று கையை உதறினாள்.

நாத்தனார் ஓடி வந்தாள். "என்ன அண்ணி, உள்ள எல்லாரும் தேடறாங்க."

"இந்த எச்சம் நகருது."

குனிந்து பார்த்தாள் நாத்தனார். "ஐயோ, புழு அண்ணி! குருவியை ஏமாத்தத்தான் எச்சம் மாதிரி வேஷம். வளர்ந்தா பச்சையாயிடும். அப்புறம் கூடு கட்டி, கறுப்புல மஞ்சப் புள்ளி வச்ச பட்டாம்பூச்சியா வரும். எலுமிச்சையிலதான் முட்டை போடும். சின்ன வயசுல அண்ணன் இதை டப்பாவுல வளர்த்து எங்கம்மாகிட்ட அடி வாங்கியிருக்காரு."

"பச்சையாகுமா? நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஏன் அண்ணி?"

அப்படியென்றால் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார். அடப்பாவி மனுஷா, அதைப் போய் எச்சத்தோடு சேர்த்தா சொல்லவேண்டும்? 'சரி சரி, தூங்குங்க' என்றல்லவா பதில் சொன்னேன். கையிலிருந்த துணியை விரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பினாள். அடிக்கிளையில், விரல் பருமனில், இலையோடு இலையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து கூடத்துக்குப் போனாள். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் காதருகே குனிந்தாள்.

"பச்சையாயிடுச்சுங்க."

"பாவம், என்ன பேசறோம்னே தெரியலை அவங்களுக்கு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் துணியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, மறு கையால் போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டாள்.