திரும்பிப் போகும் பஸ்

தில்சரி குந்த்ருக் சாற்றை வடிகட்டி பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பிஷ்ணி அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"என்னடி, பொழுது விடியறதுக்குள்ள குந்த்ருக் வாசம் தூக்குது? மொத்த லைனுக்கும் எச்சில் ஊறிப்போச்சு."

"நேத்து அவரு கேட்டாருக்கா. மூணு நாளா எதுவும் உள்ள எறங்கலயாம். குந்த்ருக் சாறு இருந்தா ரெண்டு வாய் குடிப்பேன்னாரு."

"கேட்டாரு சரி. இன்னைக்குப் புதன்கிழமை. ஆஸ்பத்திரி வண்டி இனி வெள்ளிக்கிழமைதான்."

"பஸ்ல போறேன்."

பிஷ்ணி அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சார்ஜெண்டின் மனைவி. ஹாங்காங்குக்கு இரண்டாவது தடவை வந்திருப்பவள். பட்டாளக் குடும்பங்கள் குடியிருந்த அந்த லைனில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவளுக்குத் தெரியாமல் வராது.

"தனியாவா? நீ காணாமப் போனா உன்ன எந்த பாஷையில போய்த் தேடுறது? மூக்குல புல்லாக்கு, கையில பிளாஸ்க்குன்னு சீனாக்காரன்கிட்ட சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லுங்க. இந்த ஊர்ல வேற யாரு புல்லாக்கு போட்டிருக்கா?"

பிஷ்ணி அக்கா சிரிக்கவில்லை. எழுந்து பிளாஸ்க்கின் மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கிக் கொடுத்தாள்.

குந்த்ருக் மாமியார் கொடுத்தனுப்பியது. கடுகுக்கீரையைப் புளிக்கவைத்துக் கூரைமேல் காயப்போட்டு, விடுப்பு முடிந்து திரும்பிய யாரோ ஒரு சிப்பாயின் பெட்டியில் திணித்து விட்டிருந்தாள். கடைசிப் பிடி அது.

அவள் கணவன் ஜித்மான் ஆஸ்பத்திரியில் படுத்து இருபது நாளாகிறது. முதலில் காமாலை என்றார்கள். பிறகு ஈரலில் கட்டி என்றார்கள். அதற்குப் பிறகு டாக்டர் எதுவும் சொல்லவில்லை, மொழிபெயர்த்துச் சொல்ல வந்த கிளார்க்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முகாம் வாசலில் பஸ் வந்து நின்றது. ஐம்பத்தொன்றாம் நம்பர். தில்சரி மேல் மாடிக்கு ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர்கள் எப்போதும் உட்காரும் இடம் அது. இன்று ஜன்னல் ஓரம் முழுவதும் அவளுக்கே கிடைத்தது. பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். கல்யாணம் முடிந்து இருபத்திரண்டாம் நாள் அவன் கூர்க்காப் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டான். மூன்று வருஷம் கழித்து ஆறு மாத விடுப்பு. இன்னும் மூன்று வருஷம் கழித்து இன்னொரு ஆறு மாதம். மற்ற நாளெல்லாம் மாமியார், எருமை, மலைச்சரிவில் கேழ்வரகு. பதினைந்து வருஷச் சேவையில் ஒரே ஒரு தடவை, மூன்று வருஷத்துக்கு மனைவியைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அந்த முறை வந்து, அவள் விமானம் ஏறி இந்த செக்கோங் முகாமின் பத்தாம் நம்பர் வீட்டில் கால் வைத்தபோது இருவருக்கும் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவனுக்கு டீயில் சர்க்கரை ஆகாது என்பதே அவளுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இரண்டு நாளும் முகம் சுளிக்காமல் குடித்திருந்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன்தான் கேட்டான். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு பஸ்ல போலாமா?"

எங்கே என்று இருவருக்கும் தெரியாது. வந்த பஸ்ஸில் ஏறி அது கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கினார்கள். அடுத்த வாரம் வேறொரு பஸ். யுவன் லாங் சந்தை, படகுத்துறை, ஒன்றுமே இல்லாத ஒரு தகரக் கொட்டகை, மீன் காய்ந்துகொண்டிருந்த ஒரு கரை. இறங்கியதும் ஜித்மான் பத்தடி முன்னால் நடப்பான். ஊர்ப் பழக்கம். லைன் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை முன்னால, பொண்ணு பின்னால, நடுவுல ஒரு பஸ்ஸே போலாம்" என்று கேலி செய்தார்கள். ஒரு கடைக்காரன் அவளைத் தனியாக வந்தவள் என்று நினைத்து, முன்னால் போகிறவன் திருடனாக இருக்கலாம், பையைப் பார்த்துக்கொள் என்று சைகை காட்டினான். அன்று வீடு திரும்பும் வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். என்ன சிரிப்பு என்று அவன் கேட்கக் கேட்கச் சொல்லவில்லை. மறுவாரம் பத்தடி ஐந்தடி ஆயிற்று. மழைக்காலம் வந்தபோது குடை ஒன்றுதான் இருந்தது.

பஸ் மலை ஏறியது. உச்சியில் மூடுபனி. இறக்கத்தில் சுன் லூங் கிராமம். ஒருமுறை அங்கே ஓடைத் தண்ணீரில் வளர்ந்து நின்ற கீரையைக் கண்டு அவள் ஓடும் பஸ்ஸிலேயே எழுந்துவிட்டாள். "நம்மூர்க் கீரைங்க! நம்ம ஓடையில நிக்குமே, அதேதான்!" இறங்கி, வயலில் நின்ற சீனப் பெண்ணிடம் கையால் பேசி இரண்டு கட்டு வாங்கினார்கள். நம்மூரில் கீரை பறிக்க யாராவது காசு கொடுப்பார்களா என்று ஜித்மான் அன்று ராத்திரி சாப்பாட்டில்கூட முனகினான். மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டான்.

சுன் வானில் இறங்கினாள். ரயில் நிலையத்தில் வாசல் இயந்திரத்தின் வாயில் சீட்டைத் தானே நுழைத்தாள். அவன் கூட வரும்போது இதையெல்லாம் அவனே செய்வான். நிலையங்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போய் யாவ் மா தேயில் இறங்கி ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினாள்.

பார்வையாளர் நேரம் இல்லை. நர்ஸ் அவளையும் பிளாஸ்க்கையும் பார்த்தாள். திரையை விலக்கி வழிவிட்டாள். அது தில்சரிக்குப் பிடிக்கவில்லை. தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரே நாளில் அவன் இன்னும் சிறுத்திருந்தான். இரண்டு கரண்டி சாறு இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"அம்மா செஞ்சதா?"

"கீரை அவங்களோடது. சாறு நான் வச்சது."

"உப்பு கம்மி."

"வாயில ருசி போயிருச்சு உங்களுக்கு. உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"யாரோட வந்த?"

"யாரும் இல்ல. அம்பத்தொண்ணுல வந்தேன்."

கண்ணைத் திறந்தான். வெண்விழி மஞ்சளாக இருந்தது. "ரயிலு?"

"ரயிலும்தான்."

"ஒத்தையிலயா?"

"பின்ன, பத்தடி முன்னால நடக்க ஆளு இல்லயே."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடங்கும் வரை நெஞ்சைத் தடவினாள். முகாமில் புதுச் சிப்பாய்களுக்கு வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற கார்ப்பொரல் அவன். அந்தக் குரலில்தான் அடுத்ததைக் கேட்டான்.

"வந்துட்ட. சரி. திரும்பிப் போறது வேற கணக்கு. எப்படிப் போவ? சொல்லு பாக்கலாம்."

"வந்த வழியேதான்."

"அப்படிச் சொன்னா மார்க்கு கெடையாது. ஒவ்வொண்ணாச் சொல்லு."

அவன் கை போர்வைமேல் கிடந்தது. அதன் அடியில் தன் கையை நுழைத்துக்கொண்டாள். வார்டில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை.

"வாசலை விட்டு எறங்குறேன். சரிவுல நேரா போறேன். ரயிலு."

"எந்தப் பக்கம் ஏறுவ?"

"சிவப்புப் பலகை போட்ட பக்கம். கடைசி ஸ்டேஷன் சுன் வான். எல்லாரும் எறங்குவாங்க, நானும் எறங்குவேன்."

"ம்."

"மேம்பாலம் ஏறி இடது பக்கம்..."

"இடதுன்னா மீன் மார்க்கெட்டுல போய் நிப்ப."

"சரி, வலது. வலது பக்கம் எறங்கினா வரிசை நிக்கும். அம்பத்தொண்ணு. மாடியில ஏறி முன்னால உக்காருறேன்."

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவனுடைய ஆட்காட்டி விரல் அவள் கைமேல் ஒருமுறை எழும்பி இறங்கியது. கண் மூடியிருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள். அவசரமில்லாத பஸ் அது. மாடிக் கட்டடங்கள், சாயப் பட்டறை, வளைவில் உரசும் மரக்கிளை.

"இப்ப பஸ்ஸு எங்க நிக்குது?" என்று கேட்டான்.

"சுன் லூங்ல. கூடையோட ரெண்டு பொம்பளைங்க ஏறுறாங்க. கூடை நிறைய கீரை."

விரல் எழும்பியது. நன்றாகவே எழும்பியது.

"கெளம்பிருச்சு. மலை ஏறுது. மேல பனி. கண்ணாடியெல்லாம் வேர்த்துருச்சு. உச்சியில ஒரு ஸ்டாப்பு இருக்குல்ல, யாருமே எறங்க மாட்டாங்களே, அது."

விரல் எழும்பவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நர்ஸ் நாலு கட்டில் தள்ளி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தில்சரி கூப்பிடவில்லை. குரலை மட்டும் இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"எறக்கம் வந்துருச்சு. காது அடைக்குது. கீழ நம்ம முகாம் கூரையெல்லாம் தெரியுது. கேட்டு. காவலுக்கு நிக்கிற பையன் சலாம் வைக்கிறான். பிஷ்ணி அக்கா ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாக்குறாங்க, என்ன வாங்கிட்டு வந்தீங்கன்னு கேக்குறாங்க. ஒண்ணும் இல்லக்கான்னு சொல்றேன். எட்டாம் நம்பரு, ஒம்போது, பத்து. சாவி எங்கிட்டதான் இருக்கு. தொறந்தாச்சு. பூட்ஸ வெளியவே கழட்டுங்க. உள்ள வாங்க."

அதற்கு மேல் வழி இல்லை. அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் தானாகத் திரும்பிப் பார்த்து வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், தில்சரி தலையாட்டினாள். யாரோ பிளாஸ்க்கைக் கழுவி மூடி அவள் கையில் கொடுத்தார்கள்.

முகாமிலிருந்து வண்டி வந்தது. புதன்கிழமையிலும் வந்தது.

மறுநாள் காலை எடுத்தார்கள். பெண்கள் எரியூட்டும் இடத்துக்குப் போகிற வழக்கமில்லை. வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிஷ்ணி அக்கா, கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினாள். பத்து மணிக்கு எங்கோ தூரத்தில் கடைசி மரியாதைக்கான பியூகிள் ஊதினார்கள். மழைக்கு முந்திய புழுக்கம். ஊதல் பாதியில் தேய்ந்து கேட்டது.

கொள்ளி வைத்தது பூர்ணா. ஒரே ஊர்க்காரன், ஜித்மானுக்கு நாலு வருஷம் இளையவன். காட்டில் பயிற்சியில் இருந்தவனை அழைத்துவந்திருந்தார்கள். மத்தியானம் மொட்டைத் தலையும் வெள்ளைத் துணியுமாக வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அண்ணி, சனிக்கிழமை பிளேன். நான் கூட வரேன். அஸ்தி எங்கிட்ட இருக்கும். மிச்சக் காரியத்த ஊர்ல செய்யலாம்னு பண்டிதர் சொல்லிட்டாரு."

அவள் தலையாட்டினாள். அவள் இங்கே வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. மிச்சம் இரண்டு வருஷமும் ஒரு மாதமும்.

பூர்ணா போகாமல் நின்றான். "அண்ணி, ஒண்ணு கேக்கணும். ஊர்ல அம்மா கேப்பாங்க. மொத ஆளா என்னத்தான் கேப்பாங்க. அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?"

பெண்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். தட்டுச் சத்தமும் நின்றது.

தில்சரி அவனுடைய கால்விரல்களைப் பார்த்தாள். சாம்பல் ஒட்டியிருந்தது.

"அம்மாவைக் கேட்டாரு," என்றாள். "அம்மா எப்படி இருக்கா, முட்டி வலி தேவலையான்னு கேட்டாரு. அதான் கடைசி."

பூர்ணாவின் முகம் இளகியது. "அவ்வளவு போதும் அண்ணி. அது போதும் அவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பிஷ்ணி அக்கா மட்டும் இருந்தாள். மற்ற எல்லாம் முடிந்து ஒன்று பாக்கியிருந்தது. லைனில் மூத்தவள் என்று அது அவள்மேல் விழுந்திருந்தது.

"வாடி," என்று தில்சரியைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், வாளியைக் கவிழ்த்து உட்காரவைத்தாள். இரண்டு கையிலும் ஆறு ஆறாகக் கண்ணாடி வளையல்கள்.

"கல்லுல தட்டி உடைக்கணும்பாங்க," பிஷ்ணி அக்கா சுற்றிலும் பார்த்தாள். வழவழவென்று வெள்ளை ஓடு பதித்த அறை. "இங்க எங்கடி கல்லு." பிறகு சோப்பை எடுத்து, குழாயைத் திறந்து, அவள் கையை நுரையாகத் தேய்த்தாள். விரல் முட்டியை அமுக்கிப் பிடித்து முதல் வளையலை இழுத்தாள். வலித்தது. வந்துவிட்டது. ஒன்றுகூட உடையாமல் பன்னிரண்டும் வந்தன. ஜன்னல் விளிம்பில் அவற்றை அடுக்கினாள்.

வளையல் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. முன்கை முழுவதும் கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்பில் கேழ்வரகு வயல் வெயில் எவ்வளவு, இந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை வெயில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தில்சரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நுரை போய்விட்டது. பிஷ்ணி அக்கா குழாயை மூடப் போனாள்.

"இருக்கட்டும்க்கா," என்றாள் தில்சரி. மணிக்கட்டைத் தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.