பெரியவர் வந்தால் எழ வேண்டும்

உட்கார்ந்தே ஆடும் கைப்பந்து எங்கள் அகதி முகாமுக்கு வந்தபோது, கடவுள் அதை நியிபோலுக்காகவே அனுப்பினார் என்று நினைத்தேன். போலியோவில் கால்கள் சூம்பிப்போன பெண். மண்ணில் அமர்ந்தால் எல்லோரும் அவள் உயரம். ஆட்டத்தில் இடுப்பு தரையை விட்டு எழுந்தால் எதிரணிக்குப் புள்ளி. தேவாலயத்தில் வேதம் வாசிப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்று விசிலை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

அன்று இறுதி ஆட்டம். ஜெயிக்கிற அணியை ஏற்றிக்கொண்டு துர்கானா ஏரிக்கரைப் போட்டிக்குப் புறப்பட லாரி காத்திருந்தது. முகாமிலேயே பிறந்த நியிபோல் அதன் எல்லையைத் தாண்டியதே இல்லை.

நியிபோலின் அணியான டிங்கா இனப் பிள்ளைகள் முன்னணியில் இருந்தார்கள். அப்போது எங்கள் இனத்துப் பெரியவர் வோல் மஜோக் கையில் முக்காலியோடு வந்தார். நியிபோலைத் தவிர அவள் அணி முழுவதும் மரியாதையாக எழுந்து நின்றது. பந்து மண்ணில் விழுந்தது. விசிலை ஊதினேன்.

எதிரே ஆடிய புருண்டி அணித்தலைவன் ந்துவிமானாவின் முகம் மலர்ந்தது.

"மாமா, அங்க வெயிலு! இந்தப் பக்கம் வாங்க!"

பெரியவர் நடந்தார். பிள்ளைகள் எழுந்தார்கள். விசில்.

"அப்படியே ஒரு சுத்து சுத்தி வாங்க மாமா, எல்லாரும் உங்களப் பாக்கட்டும்!"

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுற்றினார்.

"எந்திரிக்காதீங்கடா!" என்று கத்தினாள் நியிபோல்.

"பெரியவர் நிக்கறப்ப எப்படிக்கா ஒக்காரது? எங்கம்மா தோல உரிச்சிடும்."

புள்ளிகள் சமமாயின. இன்னும் ஒன்றுதான் பாக்கி. நியிபோல் மண்ணில் தேய்த்துக்கொண்டே பெரியவரிடம் போனாள்.

"மாமா, நீங்க நிக்கறதால நாங்க தோக்கறோம்."

"என்னைப் போகச் சொல்றியா?"

"இல்ல மாமா. ஏரியப் பாக்கணும்."

 அவர் முக்காலியை ஓரமாக வைத்துவிட்டு வெறும் மண்ணில் உட்கார்ந்தார். எங்கள் பெரியவர்கள் யாரும் செய்யாத காரியம்.

பெரியவர் மண்ணில் இருக்க மற்றவர் நிற்கலாமா? வேடிக்கை பார்த்தவர்கள் சடசடவென்று அமர்ந்தார்கள். தண்ணீர்க் கேனோடு வந்த பெண்கள் கேனோடு அமர்ந்தார்கள். முகாம் அதிகாரி இஸ்திரி போட்ட கால்சட்டையோடு அமர்ந்து, நகர்ந்து நகர்ந்தே நிழலுக்குப் போனார். நானும் அமர்ந்தேன்.

நியிபோல் அடித்த பந்து எதிரே கோட்டருகே விழுந்து புழுதி கிளப்பியது. தரையிலிருந்த எனக்குத் தெரியவில்லை.

"உள்ளயா, வெளியவா?" என்று ந்துவிமானாவைக் கேட்டேன்.

அவன் பந்தைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான்.

"உள்ளதான்," என்றான். "இத்தன பேரு மண்ணுல ஒக்காந்திருக்கறப்ப பொய் வரமாட்டேங்குது."

ஆரவாரம் எழுந்தது, ஆட்கள் எழவில்லை. பெரியவர் எழுந்தால்தானே? அவருக்கோ முட்டி பிடித்துக்கொண்டது. லாரி ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார், அவரும் உட்கார்ந்துவிட்டார்.

நியிபோல் தன் சக்கர நாற்காலியை இழுத்து வந்தாள்.

"கையை இங்க வைங்க மாமா. வெக்கப்படாதீங்க, நான் தினமும் இப்படித்தான் ஏறுறேன்."

ந்துவிமானா பின்னாலிருந்து தாங்கினான். பெரியவர் எழுந்தார். முகாமே எழுந்து, நியிபோலை லாரியில் தூக்கி வைத்தது.