பேஸ்மன்ட் வாடகைக்கு உண்டு

யூனியன்வில்லில் யேசுரட்ணம் வீட்டுப் பூட்டின் திறப்பு நான்கு வருடமாக வேரோனிக்காவிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் போய்க் குளியலறைகள், குசினி, படிகள் எல்லாம் துடைத்துவிட்டு வருவாள். அவள் வெளிக்கிடும்போது ஒருநாளும் அவர்கள் அவளுடைய பையைப் பார்த்ததில்லை. தேவாலயப் பூசையில் யேசுரட்ணத்தின் மனைவி றெஜினா அவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்திக்கொள்வாள். ஜனவரி கடைசியில் கணவனும் மனைவியும் ஆறு வாரம் யாழ்ப்பாணம் போனபோது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் கடிதங்களை எடுத்து வைக்கவும் அவளைத்தான் கேட்டார்கள்.

அவர்கள் விமானம் ஏறிய மூன்றாம் நாள் வேரோனிக்கா அந்த வீட்டின் பேஸ்மன்டைப் படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டாள். தனி வாசல், தனிக் குளியலறை, உடனே குடிவரலாம். தொடர்புக்கு: நிரூபா.

இது நான்காவது தடவை. இதை அவள் கற்றுக்கொண்டது ஏமாந்துதான். கணவன் அவளை விட்டுவிட்டு ஒஷாவாவில் இன்னொருத்தியோடு குடியேறியபோது, ஸ்காபரோவில் ஒரு அறைக்கு முன்பணம் கொடுத்தாள். அன்பாகப் பேசி வாங்கிய பெண் மறுநாள் இல்லை. அவள் தந்த திறப்பு அந்த வீட்டில் எந்தப் பூட்டுக்கும் பொருந்தவில்லை. அழுது முடித்த பிறகு வேரோனிக்காவின் மனதில் தங்கி நின்றது அந்தப் பெண்ணின் சிரிப்பு, எவ்வளவு சுலபமாகச் செய்தாள் என்பது. இரண்டு வருடம் கழித்து முழங்கால் வீங்கி வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்த மாதங்களில், அந்த யோசனை தானாகவே திரும்பி வந்தது. சுத்தம் செய்யும் வீடுகளின் திறப்புகள் எல்லாம் அவள் பையில் இருந்தன. வீட்டுக்காரர்கள் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். பிள்ளைகளோடு வருபவர்களிடம் வாங்குவதில்லை. காலில் நல்ல சப்பாத்து, கையில் நல்ல ஃபோன், போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய ஆட்கள் மட்டும். ஞாயிறு பூசையில் மன்னிப்புக் கேட்பாள். திங்கட்கிழமை புது சிம் வாங்குவாள்.

மஸீஹா நல்ல சப்பாத்தோடுதான் வந்தாள். முப்பத்திநான்கு வயதிருக்கும். அக்கரைப்பற்றுக்காரி, மார்க்கம் நகரத்தில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் இரவு வேலை என்றாள். அவள் வருவதற்கு முன்பே வேரோனிக்கா சுவரில் இருந்த குடும்பப் படங்களைக் கழற்றித் துணி அலுமாரிக்குள் வைத்திருந்தாள். பேஸ்மன்டைக் காட்டி முடித்து, குசினியில் வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். மஸீஹா கைப்பையைத் திறந்து கடித உறையை எடுக்கப் போன நேரம் முன்கதவுப் பூட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது.

யேசுரட்ணத்தின் மகன் பஸ்ரியன். நகர மத்தியில் தனியாக இருப்பவன், ஏதோ ஒரு வரிக் கடிதம் தேடி வந்திருந்தான்.

"வேரோனிக்கா அன்ரி, நீங்கள் டியூஸ்டேலதானே வாறது?"

மஸீஹாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

குளிர் கடுமையாக இருப்பதால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்திருக்குமோ என்று பார்க்க வந்ததாக வேரோனிக்கா சொன்னாள். இந்தப் பிள்ளை தனக்கு உதவிக்கு வருகிறவள் என்றும் சொன்னாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே பயமாக இருந்தது. மஸீஹாவைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மஸீஹா பைப்படியில் துணியை நனைத்துப் பிழிந்து, அடுப்பு மேடையைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.

பஸ்ரியன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வெறும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். தூசு தட்டக் கழற்றியதாகச் சொன்னதும், உயரத்தில் தானே மாட்டித் தருவதாகச் சொல்லி மேலங்கியைக் கழற்றினான். அலுமாரியிலிருந்து மஸீஹாதான் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். யேசுரட்ணத்தின் கல்யாணப் படம், சிறுவனாகத் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய பஸ்ரியனின் படம், பட்டமளிப்புப் படம். கொடுக்குமுன் ஒவ்வொன்றிலும் இருந்த முகங்களை அவசரப்படாமல் பார்த்தாள். அவற்றில் வேரோனிக்கா எங்கும் இல்லை.

அவனுடைய கார் தெருமுனை திரும்புவதை யன்னலால் பார்த்துவிட்டு மஸீஹா திரும்பினாள்.

"உங்கட உண்மையான பேர் வேரோனிக்காவா?"

"ஓம்."

"எனக்கு முதல் எத்தின பேர்?"

வேரோனிக்கா தேநீர்க் கோப்பைகளை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தாள். மஸீஹா ஃபோனை எடுத்து மேசையில் வைத்தாள். பொலிசைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்து வேரோனிக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க எப்ப வருவாங்க?"

"மார்ச் பதினாலு."

"அதுவரைக்கும் நான் கீழ இருக்கன். காசு தர மாட்டன்."

பிறகுதான் கழுத்துத் துணியைச் சற்று விலக்கிக் காட்டினாள். காதுக்குக் கீழே மஞ்சளாகிக்கொண்டிருந்த விரல் தடங்கள். கணவன். ஒன்பது நாளாகக் களஞ்சியத்தின் ஓய்வறையிலும் ஒரு சிநேகிதியின் காரிலும் நித்திரை கொண்டிருக்கிறாள். பெண்கள் காப்பகங்களில் இடம் இல்லை, பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். கணவனுக்கு அவளுடைய எல்லாச் சொந்தக்காரர் வீடும் தெரியும். இந்த வீடு தெரியாது.

வேரோனிக்காவுக்கு வேறு வழி இருக்கவில்லை. முன் பக்கம் லைட் போடக் கூடாது, ஹீற்றரைத் தொடக் கூடாது, குப்பையை வெளியில் வைக்கக் கூடாது, பக்கக் கதவால் மட்டும் வந்து போகவேண்டும் என்று சொல்லி அந்தக் கதவின் திறப்பைக் கொடுத்தாள்.

அவள் யோசிக்காமல் விட்டது பனியை. பெப்ரவரியில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொட்டியது. விடியப்புறம் மஸீஹா வேலை முடிந்து வந்த பிறகு, ஆளில்லாத வீட்டின் பக்கக் கதவுவரை அவளுடைய காலடிகள் வரிசையாகப் பதிந்து கிடந்தன. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் நாயோடு நின்று அதைப் பார்ப்பதை வேரோனிக்கா ஒருநாள் கண்டாள். அதன் பிறகு பனி விழும் நாளெல்லாம், தன் வேலைக்குப் போகுமுன் இரண்டு பஸ் பிடித்து வந்து, முழங்கால் நோக நோகப் பாதை முழுவதிலும் பனியை வழித்துத் தள்ளினாள். பஸ்ரியன் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினான். தங்கமான மனுசி என்று அம்மாவுக்கும் சொன்னதாக எழுதியிருந்தான்.

சில காலைகளில் மஸீஹா அவளுக்குத் தேநீர் போட்டுவைத்திருப்பாள். வேரோனிக்கா அவளை வெறுத்தாள். ஆனால் கழுத்துத் தடம் மறைந்துவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தாள்.

மார்ச் ஆறாம் திகதி வேரோனிக்கா மார்க்கம் நகரத்தில் வேறொரு வீட்டில் வேலையாக இருந்தாள். இரண்டு மணிக்குத்தான் ஃபோனைப் பார்த்தாள். பஸ்ரியனின் செய்தி காலை ஒன்பதுக்கே வந்திருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, பயணத்தை முற்படுத்தி இன்று மத்தியானம் வந்திறங்குகிறார்கள், முடிந்தால் வீட்டு ஹீற்றைக் கூட்டி வையுங்கள்.

மஸீஹாவுக்கு நான்கு தடவை ஃபோன் அடித்தாள். பகலில் அவள் ஃபோனை நிறுத்திவிட்டுப் படுப்பவள்.

தெருவின் இந்தப் பக்கம் நின்றால் ஸ்காபரோ பஸ் வரும். அறைக்குப் போய்ச் சூட்கேசைக் கட்டலாம், சிம்மை எறியலாம். மஸீஹாவுக்குத் தெரிந்தது ஒரு பெயர் மட்டும். ஆனால் யேசுரட்ணம் வீட்டாருக்கு எல்லாம் தெரியும். பொலிஸ் கேட்டால் மஸீஹா விளம்பரத்தைக் காட்டுவாள், அதிலிருந்து மற்ற மூன்றும் வரும். இதையெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு, நித்திரையில் கிடக்கும் ஒருத்தியை அந்நியர் வந்து உலுப்பி எழுப்பும் காட்சியும் வந்தது. வேரோனிக்கா தெருவைக் கடந்து, யூனியன்வில் பஸ் வரும் பக்கம் போய் நின்றாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கார் ஏற்கெனவே வாசலில் நின்றது. மணியை அடித்தாள். றெஜினா கதவைத் திறந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். வீடு என்ன வடிவாக இருக்கிறது என்றாள். யேசுரட்ணம் போர்வையோடு சோபாவில் இருந்தார். பஸ்ரியன் சூட்கேசுகளை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தான். யாரும் இன்னும் கீழே இறங்கவில்லை.

தான் சூட்கேசுகளைப் பேஸ்மன்டில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்ல வேரோனிக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரம் கீழே குழாய் திறந்து தண்ணீர் ஓடியது.

எல்லோருக்கும் கேட்டது. யேசுரட்ணம் தலையை நிமிர்த்தினார். பஸ்ரியன் மூலையில் கிடந்த ஹொக்கித் தடியை எடுத்துக்கொண்டு, மற்றக் கையில் ஃபோனை அமத்தியபடி பேஸ்மன்ட் கதவை நோக்கி நடந்தான்.

வேரோனிக்கா கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அடிக்காதையுங்கோ. கீழ இருக்கிறது அண்டைக்கு நீங்கள் கண்ட பிள்ளை. நான்தான் இருத்தினனான்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள். புருஷன் கழுத்தை நெரித்த கதை, காரில் படுத்த கதை, இடமில்லாத கதை. அவ்வளவும் உண்மை. விளம்பரத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல, தான் எவ்வளவு நல்லவளாகத் தெரிகிறாள் என்பது அவளுக்கே விளங்கியது. அது ஒரு ஆறுதலாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

படியில் காலடி கேட்டது. மஸீஹா சால்வையை இழுத்துப் போர்த்தபடி மேலே வந்து நின்றாள். றெஜினா அவளுடைய முகத்தைக் கூர்ந்து பார்த்து, வேரோனிக்கா சொல்வது உண்மையா என்று கேட்டாள்.

மஸீஹா வேரோனிக்காவைப் பார்த்தாள்.

"ஓம். அவதான் எனக்கு இடம் தந்தா."

றெஜினா கையை நீட்டி வேரோனிக்காவிடமிருந்து திறப்பை வாங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கூப்பிட்டிருப்பனே. ஏன் கேக்கேல்ல?"

இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார் யேசுரட்ணம். மஸீஹாவை, இடம் கிடைக்கும்வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேரோனிக்கா வாசலில் சப்பாத்துப் போடும்போது, உள்ளே றெஜினா அந்தப் பெண்ணிடம் சாப்பிட்டாயா என்று கேட்பது கேட்டது.

பதினொரு நாள் கழித்துப் பஸ்ரியன் ஸ்காபரோவில் அவளுடைய அறைக்கு வந்தான். உட்காரவில்லை. ஃபோனை நீட்டினான். விளம்பரத்தை அவள் அழித்திருந்தாள், ஆனால் வேறொரு தளம் அதை எடுத்துப் போட்டிருந்தது. வீடு தேடிய அவனுடைய சிநேகிதன் கண்டு அனுப்பியிருந்தான்.

"இது எங்கட பேஸ்மன்ட், அன்ரி. அந்த மார்பிள் சிங்க் நான் பூட்டினது. அம்மாக்கு இன்னும் தெரியாது."

வேரோனிக்கா படத்தைப் பார்த்தாள். மறுக்க நான்கைந்து வழிகள் உடனே மனதில் ஓடின. யாரோ களவாகப் படத்தை எடுத்திருக்கலாம், மஸீஹா போட்டிருக்கலாம். அந்தக் கடைசி வழி நன்றாகப் பொருந்தும் என்பதும் தெரிந்தது. அப்படிப் பொருந்துவதைக் கண்டதும் ஃபோனை அவனிடமே திருப்பி நீட்டினாள்.

"எத்தினை பேர்?" என்று கேட்டான்.

"மூண்டு பேர். மஸீஹாவிட்ட ஒண்டும் வாங்கேல்ல."

திங்கட்கிழமைவரை பொறுப்பதாகவும், அதற்குள் அவளாகப் போய்ச் சொல்லாவிட்டால் தான் போவதாகவும் சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான். இரண்டு நாள் அவள் சூட்கேசைக் கட்டிலின் மேல் திறந்து வைத்தபடி இருந்தாள். ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலை, மூன்று பேரின் பெயரையும் ஃபோன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். எழுதும்போதுதான் இரண்டாவது ஆளின் முழுப்பெயர் தனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது.

வழக்கு நியூமார்க்கெட் நகர நீதிமன்றத்தில் நடந்தது. தானாக வந்து சொன்னதையும், முன்பு அவள்மேல் எந்த வழக்கும் இல்லாததையும் வக்கீல் எடுத்துக் காட்டினார். பத்து மாத வீட்டுக்காவலும், வாங்கியதைத் தவணையில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற கட்டளையும் கிடைத்தன. ஏமாந்தவர்களில் ஒருவன் வந்திருந்தான், படிக்க வந்த பையன். அந்தக் காசு போனதால் தன் பரீட்சையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப இருந்ததைச் சொன்னான். அவன் சப்பாத்தைப் பார்த்து அவள் முடிவெடுத்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன் பேசி முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.

பின்வரிசையில் மஸீஹா இருந்தாள். இப்போது ஒரு அறை எடுத்து, பகல் வேலைக்கு மாறியிருந்தாள். வெளியே நடைபாதையில் வேரோனிக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்டைக்கு நீங்க மணி அடிச்சு உள்ள வந்தது எனக்காகவா, உங்களுக்காகவா?"

வேரோனிக்கா யோசித்தாள். உனக்காகத்தான் என்று பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும், மஸீஹா கேட்க விரும்பிய பதிலும் அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்குத் தெரியேல்ல, பிள்ளை."

மஸீஹா தலையாட்டினாள். வீட்டுக்காவலில் கடைக்குப் போக விடுவார்களா என்று கேட்டாள். கிழமைக்கு மூன்று மணித்தியாலம் என்றாள் வேரோனிக்கா. சனிக்கிழமைகளில் தனக்கு வேலை இல்லை, பாரமான சாமான்கள் இருந்தால் தான் கொண்டுவந்து தருவதாக மஸீஹா சொன்னாள். விலாசத்தைக் கேட்டு ஃபோனில் எழுதிக்கொண்டாள்.